மெஷின் நம் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாமா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பந்திக்கு முன்னால் பேசுகிறவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். போடிநாயக்கனூரில் கடை வைத்திருக்கும் சின்ன வியாபாரிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏலக்காய் சில்லறைக் கடை, இலவம்பஞ்சுத் தலையணைக் கடை, காப்பித்தூள் கடை, மெஸ், குரங்கணிக்கு ஜீப் ஓட்டுகிறவர், மலையில் இரண்டு அறை வைத்து வாடகைக்கு விடுகிறவர், இவர்கள் எல்லாரும்தான். சாட்ஜிபிடி, ஜெமினி, பெர்ப்ளெக்சிட்டி என்று புதிதாக வந்திருக்கும் ஏ.ஐ. தேடல் கருவிகளிடம் ஒருவர் "நல்ல ஏலக்காய் எங்கே வாங்கலாம்?" என்று கேட்டால், அது நம் கடைக்காரர் பெயரைச் சொல்லுமா? சொல்லவில்லை என்றால் சொல்ல வைப்பது எப்படி? இதுதான் என் தலைப்பு.

"இதெல்லாம் நமக்கு எதுக்குய்யா?" என்று சிலர் முகத்தில் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முன்பெல்லாம் ஒருவர் ஏலக்காய் வாங்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் கேட்பார். "எங்க மச்சான் போடிலதான் இருக்கார், சொல்லிவிடுறேன்" என்று பதில் வரும். பிறகு கூகுள் வந்தது. பத்து இணையதளங்களை வரிசையாகக் காட்டியது. ஏழாவது இடத்தில் இருந்தாலும் யாராவது ஒருவர் கண்ணில் படுவோம் என்ற நம்பிக்கை இருந்தது. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. 2024 ஆகஸ்டில் இந்தியாவில் கூகுளே தன் தேடல் முடிவுகளுக்கு மேலே ஏ.ஐ. எழுதிய சுருக்கத்தைக் காட்ட ஆரம்பித்தது. அதே வருஷம் அக்டோபரில் சாட்ஜிபிடியும் இணையத்தைத் தேடிப் பதில் சொல்லத் தொடங்கியது. 2025 ஜூலையில் ஏர்டெல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டியின் கட்டணச் சேவையை ஒரு வருஷத்துக்கு இலவசமாக அறிவித்தது. ஆக, இது பெங்களூர் கம்ப்யூட்டர்காரர் சமாச்சாரமாக இருந்த காலம் போய்விட்டது. நம் வீட்டுப் பெரியம்மா கையிலிருக்கும் போனுக்கே வந்துவிட்டது.

இந்தக் கருவிகள் பத்துப் பெயர் சொல்வதில்லை. இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லி, காரணமும் சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த மூன்றில் நாம் இல்லை என்றால், கேட்டவரைப் பொறுத்தவரை நாம் கடையே திறக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். மொத்த ஏலக்காய் வியாபாரம் இந்தக் கருவிகளை நம்பி நடக்கவில்லை. தோட்டக்காரர் காயை ஏலத்துக்கு வைக்கிறார்; லைசென்ஸ் பெற்ற வியாபாரி எடுக்கிறார். நறுமணப் பொருள் வாரியம், அதாவது நாம் சொல்கிற ஸ்பைசஸ் போர்டு, 2007-இல் போடியில் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. 2021-இல் போடியையும் புற்றடியையும் ஒரே கணினி அமைப்பில் இணைத்தார்கள். அங்கே கைமாறும் காய்க்கு எந்த சாட்ஜிபிடியின் சிபாரிசும் வேண்டியதில்லை. நான் பேசுவது அதற்குப் பிறகு இருக்கிற சில்லறைக்காரரைப் பற்றி. கால் கிலோ, அரைக் கிலோ பார்சல் அனுப்புகிறவரைப் பற்றி. அவருக்கு லாபம் வருவதே நேராக வாங்குகிற வாடிக்கையாளரிடமிருந்துதான்.

பேர் எழுதப்பட்ட இடத்துக்குத்தான் பெருமை போகும் என்பதற்கு நம் மலையிலேயே உதாரணம் இருக்கிறது. உலகச் சந்தையில் நம் பக்கத்து ஏலக்காய்க்கு என்ன பெயர்? 'ஆலப்பி கிரீன்'. ஆலப்புழையில் ஒரு ஏலச் செடியைக் காட்ட முடியுமா? அது கடற்கரை ஊர். அந்தக் காலத்தில் மலைக்காய் அந்தத் துறைமுகச் சந்தை வழியாக வெளிநாடு போனது. அதனால் மூட்டையில் அந்தப் பெயர் ஏறியது. இன்றைக்குப் புவிசார் குறியீடும் 'ஆலப்பி பச்சை ஏலக்காய்' என்ற பெயரில்தான் இருக்கிறது. ஏ.ஜி.இ.பி., ஏ.ஜி.பி., ஏ.ஜி.எஸ். என்று நாம் தினம் சொல்கிற தரங்களில் முதல் இரண்டு எழுத்தும் ஆலப்பி கிரீன்தான். காய் விளைந்தது ஒரு இடம், பெயர் விளைந்தது இன்னொரு இடம்.

இன்னொன்று பாருங்கள். கொழுக்குமலை எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரரைக் கேளுங்கள். "மூணாறு பக்கம், கேரளா" என்பார். அது நம் போடி வட்டம். ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகப் போவதால் பெயரும் அந்தப் பக்கம் போய்விட்டது. டாப் ஸ்டேஷனும் அப்படித்தான். மூணாறிலிருந்து வந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அங்கே முடியும். அங்கிருந்து ரோப்வேயில் தேயிலையைக் கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்குக் கொண்டுவந்து அனுப்பினார்கள். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. இன்றைக்கும் டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டம்தான். ஆனால் பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாரும் மூணாறு என்று எழுதுகிறார்கள். எழுதியதைப் படித்துத்தான் மெஷின் பதில் சொல்லும். அது மேப்பை விரித்து வைத்து நியாயம் பேசாது.

சரி, இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? தம்பிகளுக்குத் தெரிந்திருக்கும், என் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு இரண்டு வழியில் விஷயம் தெரிகிறது. ஒன்று, ஏற்கனவே படித்து மனதில் ஏற்றிக்கொண்டது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்த ஒரு மாணவனின் ஞாபகம் மாதிரி. அதில் பெரிய பெயர்கள்தான் நிற்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை நிற்காது. இரண்டாவது, நாம் கேள்வி கேட்ட அந்த நிமிஷத்திலேயே இணையத்தில் தேடி, கிடைத்த நாலைந்து பக்கங்களைப் படித்து, சுருக்கிச் சொல்வது. புத்தகம் பார்த்து எழுதுகிற பரீட்சை மாதிரி. சின்னக் கடைக்கு இந்த இரண்டாவது வழியில்தான் இடம். அது புரட்டுகிற புத்தகங்களில் நம் கடை இருக்க வேண்டும். கூகுள் மேப், ஜஸ்ட்டயல், வாடிக்கையாளர் எழுதிய கருத்துகள், செய்தித்தாள்களின் இணையப் பக்கம், கடையின் சொந்த இணையதளம், இவைதான் அந்தப் புத்தகங்கள்.

இதைப் பற்றி ஒரு கடைக்கார அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, பூக்கடைக்கு வெளம்பரம் வேணுமா? நம்ம யாவாரம் வாய்வார்த்தையிலதான் ஓடுது. காயை மோந்து பாத்தாப் போதும்" என்றார்.

"அண்ணே, மோந்து பாக்க அதுக்கு மூக்கு இல்லையே" என்றேன்.

உண்மைதான். நம் காயின் வாசனை, அந்த அண்ணனின் நாணயம், பழைய வாடிக்கையாளருக்குக் காசு வாங்காமல் பார்சல் அனுப்பிவிட்டுப் பிறகு பணம் வாங்கிக்கொள்கிற நம்பிக்கை, இவை எதுவும் எழுத்தில் ஏறாதவரை மெஷினுக்குத் தெரியப் போவதில்லை. வாய்வார்த்தை இன்னும் செத்துப்போகவில்லை. ஆனால் அது இனிமேல் எழுத்து வழியாகவும் போக வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம்? செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். போர்டில் ஒரு பெயர், ஜி.எஸ்.டி. பில்லில் ஒரு பெயர், கூகுள் மேப்பில் யாரோ போட்ட ஒரு பெயர் என்று இருந்தால், மெஷின் மூன்று கடை என்று நினைத்துக்கொள்ளும். நம் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு 'கே' போட்டும் இன்னொருவர் இரண்டு 'கே' போட்டும் எழுதுகிறோம். சிலர் போடி என்றே நிறுத்திவிடுகிறோம். ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே போன் நம்பர் என்று எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். பிங் தேடுபொறியிலும் அதே மாதிரி இலவசப் பதிவு உண்டு. சாட்ஜிபிடி தேடலைத் தொடங்கியபோது பிங் போன்ற தேடுபொறிகளின் உதவியோடுதான் தொடங்கியது. அதனால் கூகுளோடு நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது, விவரம். "தரமான ஏலக்காய், நியாயமான விலை" என்று எழுதுவதால் பிரயோஜனம் இல்லை. எல்லாரும் அதையேதான் எழுதுகிறார்கள். நமக்குத் தெரிந்ததை எழுதினால் போதும். எத்தனை எம்.எம். காய்? லிட்டர் வெயிட் எவ்வளவு? ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்றால் 7 எம்.எம்.க்குக் குறையாமல், லிட்டருக்கு 435 கிராம் இருக்க வேண்டும். போல்டு என்றால் 6 எம்.எம்., 415 கிராம். இந்தக் கணக்கு நம் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும், சென்னையில் வாங்குகிறவருக்குத் தெரியாது. எழுதி வையுங்கள். எந்தப் பருவத்துக் காய், குறைந்தபட்சம் எவ்வளவு அனுப்புவீர்கள், எத்தனை நாளில் போய்ச் சேரும், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸின் 14 இலக்க எண் என்ன, கடை எத்தனை மணிக்குத் திறக்கும், ஞாயிற்றுக்கிழமை உண்டா, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் மறுநாள் காணாமல் போகும். இந்தக் கருவியும் அதைப் பார்க்க முடியாது.

விலை எழுதினால் தேதியோடு எழுதுங்கள். 2018 வெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது நினைவிருக்கும். அந்த விலையைத் தேதியில்லாமல் எங்காவது எழுதி வைத்திருந்தால், இன்றைக்கும் மெஷின் அதை எடுத்துச் சொல்லி வருகிற ஆளை விரட்டிவிடும்.

மூன்றாவது, கேள்விக்குப் பதில். வாடிக்கையாளர் போனில் உங்களிடம் என்ன கேட்கிறார்? சாயம் போட்ட காயை எப்படிக் கண்டுபிடிப்பது? பாயசத்துக்கு 8 எம்.எம். வேண்டுமா, சின்னக் காய் போதுமா? பச்சை நிறம் ஏன் வெளுக்கிறது? ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்து ஒரு கிலோவாக இறங்குகிறது என்பதும், வெளிச்சம் பட்டால் பச்சை போய்விடும், அதனால் காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வைக்க வேண்டும் என்பதும் நமக்கு அன்றாடப் பேச்சு. கேட்கிறவருக்கு அது புதுத் தகவல். ஒரு கேள்விக்கு ஒரு பத்தி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒரே பக்கத்தில் போடுங்கள். டெல்லி ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளிவிவரமும் மேற்கோளும் ஆதாரமும் உள்ள பக்கங்கள் ஏ.ஐ. பதிலில் இடம்பிடிப்பது 40 சதவீதம் வரை கூடியது என்று அவர்கள் சோதனை காட்டியது. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பத் திணிக்கிற பழைய தந்திரம் எடுபடவில்லை.

நான்காவது, வாடிக்கையாளர் கருத்து. நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவரிடம், "சார், அதை ரெண்டு வரி எழுதிடுங்களேன்" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். 'சூப்பர்' என்று ஐந்து நட்சத்திரம் போடுவதைவிட, "அரைக் கிலோ வாங்கினேன், கோயம்புத்தூருக்கு இரண்டு நாளில் வந்தது, வாசனை ஆறு மாதமாக அப்படியே இருக்கிறது" என்று எழுதினால் மெஷினுக்கு எடுத்துச் சொல்ல விஷயம் கிடைக்கும். குறை சொன்னவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். ஆனால் காசு கொடுத்துக் கருத்து வாங்காதீர்கள். இணையத்து வாடிக்கையாளர் கருத்துகளுக்கென்றே 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 19000 என்ற தர நிர்ணயத்தை வெளியிட்டிருக்கிறது. கூகுளும் பொய்க் கருத்தைக் கண்டுபிடித்தால் நீக்கிவிடும். அதோடு உண்மையான கருத்துகளின் மேலும் சந்தேகம் விழும்.

ஐந்தாவது, பழைய தகவலைத் திருத்துவது. நம் ஊர் ரயில் 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நின்றது. 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டரை வருஷத்தில் "போடிக்கு ரயில் இல்லை" என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பக்கங்களை மெஷின் எடுத்தால், சென்னையிலிருந்து நேராக ரயில் வருகிற ஊருக்கு மதுரையில் இறங்கி பஸ் பிடிக்கச் சொல்லும். 1996-க்கு முன்னால் எழுதியதில் நாம் மதுரை மாவட்டம். எனவே மாதம் ஒருமுறை உட்கார்ந்து, பத்துக் கேள்வி எழுதி வைத்துக்கொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தக் கருவிகளிடம் கேளுங்கள். பதிலில் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று பாருங்கள். தப்பு இருந்தால் மெஷினோடு சண்டை போட வேண்டாம். அந்தப் பக்கத்துக்காரருக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.

மலைக்கு ஆள் கூட்டிப்போகிறவர்களுக்கு இது வியாபாரத்தோடு முடிகிற விஷயமில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி காட்டுத்தீயை நாம் யாரும் மறக்க முடியாது. மலையேற வந்த இளம் பிள்ளைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, இணையத்திலேயே முன்பதிவு செய்ய வழி செய்தது. எந்தப் பாதைக்கு அனுமதி வேண்டும், எந்த மாதத்தில் காடு மூடியிருக்கும், கூட வழிகாட்டி வர வேண்டுமா என்பதை ஜீப்காரரும் விடுதிக்காரரும் தங்கள் பக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும். நாம் எழுதாவிட்டால், எங்கோ உட்கார்ந்து எவரோ எழுதிய பழைய கதையை மெஷின் வழிகாட்டி மாதிரி ஒப்பிக்கும்.

இப்போது எச்சரிக்கை இரண்டு. "இருபதாயிரம் கொடுங்க, சாட்ஜிபிடியில உங்க கடைய முதல்ல வர வைக்கிறேன்" என்று யாராவது வந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது. காலையில் கேட்டால் ஒரு பதில், மாலையில் கேட்டால் வேறு பதில், கேட்கிற ஆளைப் பொறுத்தும் மாறும். நல்ல தகவலைத் தந்து வாய்ப்பைக் கூட்டலாம், அவ்வளவுதான்.

அடுத்தது, பொய். சான்றிதழ் இல்லாமல் 'ஆர்கானிக்' என்று எழுதாதீர்கள். கவுதமாலாக் காயை நம் மலைக்காய் என்று எழுதாதீர்கள். 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியர் கொண்டுபோய் நட்ட செடிதான் இன்றைக்கு அந்த நாட்டை உலகின் பெரிய ஏலக்காய் உற்பத்தியாளராக ஆக்கியிருக்கிறது. அவர்களோடு விலையில் மோதுவது சிரமம். நம்மிடம் மிச்சமிருப்பது தரமும் நாணயமும். ஒரு கடை சொன்ன பொய்யை மெஷின் ஊருக்கே பொதுவாக்கிவிடும். "போடி ஏலக்காயில் கலப்படம்" என்று ஒரு வரி ஏறிவிட்டால், விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலைக்குக் காய் எடுக்கப் போகிற பெண்ணின் கூலிவரைக்கும் அது பாயும்.

கடைசியாக, நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். இந்த வேலை கடைக்காரருக்குத் தனியாகச் செய்ய நேரமில்லை. காலை ஏழு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குத்தான் ஷட்டரை இறக்குகிறார். தம்பி தங்கைகளே, உங்களிடம் போன் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லாதீர்கள். இரண்டு மாணவருக்கு ஒரு கடை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வணிகவியல் மாணவர் விவரம் சேகரிக்கட்டும். தமிழ் மாணவர் எழுதட்டும், ஆங்கிலத் துறை மாணவர் அதையே ஆங்கிலத்தில் எழுதட்டும். கணினி மாணவர் ஏற்றட்டும். ஒரு கடைக்கு இரண்டு சனிக்கிழமை போதும். ஒரு நிபந்தனை: கணக்கும் பாஸ்வேர்டும் கடைக்காரர் போனிலேயே இருக்க வேண்டும். நீங்கள் படிப்பு முடித்துப் போனபிறகு அவர் தன் கடையைத் திறக்கச் சாவி தேடி அலையக் கூடாது. அவர் சம்மதிக்காத எதையும், வீட்டுப் பெண்களின் சொந்த நம்பர் உட்பட, ஏற்றக் கூடாது.

முன்னாள் மாணவர்களாகிய நமக்கும் வேலை உண்டு. சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நாம், ஊருக்கு வந்து போகும்போது ஏலக்காயும் தலையணையும் வாங்கிக்கொண்டு போகிறோம். வாங்கிய கடையைப் பற்றி உண்மையாக நாலு வரி எழுதினோமா? இன்று மாலை ஊர் திரும்பும் முன் அதைச் செய்யுங்கள். சங்கம் தன் இணையப் பக்கத்தில், மாணவர்கள் நேரில் போய்ச் சரிபார்த்த கடைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். ஒரு கல்லூரிப் பக்கத்தில் இருக்கிற பட்டியலுக்கு மெஷினிடமும் மதிப்பு உண்டு, மனிதரிடமும் மதிப்பு உண்டு.

அடுத்த கூடுகைக்குள் ஐம்பது கடை. முடியாதா? முடியும் என்று நம்புகிறேன். முதல் கடைக்கு இரண்டு மாணவர் வேண்டும்; மேடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், சாப்பிடப் போகும் வழியில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.